விஞ்ச் மாமாவுக்கு ஒரு விழா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வரும் தடைக்காலத்தில் எங்கள் தாய்மாமாவுக்கு மண்டபத்தில் ஒரு பாராட்டு விழா வைக்கிறோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, சொந்தபந்தம் எல்லாம் கரையில் இருக்கும் என்பதால்தான் அந்தச் சமயம். மாமா பாம்பன்காரர். வடக்கே ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராகப் போய்ச் சேர்ந்து, அந்த ஊருக்கு வெளியே இருந்த கிளைடிங் கிளப்பில் 35 வருடம் சனி ஞாயிறெல்லாம் சம்பளம் வாங்காமல் வேலை பார்த்தவர். போன வருடம்தான் ஊரோடு வந்து சேர்ந்தார்.

பத்திரிகை கொடுக்கப் போன வீட்டிலெல்லாம் காபி வருவதற்கு முன்னால் கேள்வி வந்தது. ஒரே பதிலை நாற்பது தடவை சொல்லி அலுத்துப்போய் இதை எழுதி வைத்துவிட்டேன். கேள்விகள் கேட்டவர்கள் கேட்டபடியே இருக்கின்றன.

கிளைடிங்னா என்ன? பாராசூட்ல குதிக்கிறதா?

இல்லை. கிளைடர் என்பது எஞ்சின் இல்லாத விமானம். இறக்கை உண்டு, வால் உண்டு, கண்ணாடி மூடிய இருக்கை உண்டு, கையில் பிடிக்கிற ஸ்டிக் உண்டு, காலுக்கு மிதி உண்டு. எஞ்சினும் பெட்ரோலும்தான் கிடையாது. இறக்கைகள் ஒல்லியாக, உடம்புக்குப் பொருத்தமே இல்லாத நீளத்தில் இருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் கடல்காக்கையை யாரோ இழுத்து நீட்டியது போல.

காற்று அசையாமல் இருந்தால் கிளைடர் இறங்கிக்கொண்டேதான் இருக்கும். ஆனால் எவ்வளவு மெதுவாக இறங்குகிறது என்பதில்தான் விஷயம். பல நாடுகளில் பயிற்சிக்கு வைத்திருக்கிற ஏஎஸ்கே-21 என்ற இரண்டு இருக்கை கிளைடர், 1 கி.மீ. உயரம் இறங்குவதற்குள் சுமார் 34 கி.மீ. முன்னால் போய்விடும். நம் ஊர்க் கணக்கில் சொன்னால், ராமேஸ்வரம் கோபுரத்துக்கு மேலே 1 கி.மீ. உயரத்தில் விட்டால், பாம்பனையும் மண்டபத்தையும் தாண்டி உச்சிப்புளிக்குக் கிட்டே வந்து தரை தொடும். போட்டிக்கென்று செய்த பெரிய கிளைடர்கள் இதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு போகும்.

எஞ்சின் இல்லாம எப்படி மேலே போகும்?

இரண்டு வழி. சின்ன விமானம் ஒன்று கயிறு கட்டி இழுத்துப்போய் மேலே விட்டுவிட்டு வரும். இல்லையென்றால் விஞ்ச்.

விஞ்ச் என்றால் நம் ஆட்களுக்கு விளக்கவே வேண்டாம். விசைப்படகில் கயிற்றைச் சுற்றி மடிவலையை இழுக்கிற எந்திரம் இருக்கிறதே, அதே விஞ்ச்தான். அங்கே மைதானத்தின் ஒரு கோடியில் லாரி எஞ்சினோடு விஞ்ச் நிற்கும். மறு கோடியில், ஏறக்குறைய 1 கி.மீ. தள்ளி, கிளைடர் நிற்கும். நடுவே கம்பிக்கயிறு. விஞ்ச் வேகமாகச் சுற்றினால் கயிற்றில் கட்டிய காற்றாடி மாதிரி கிளைடர் எழும்பும். ஒரு நிமிடத்துக்குள் 300, 400 மீட்டர் உயரம். அப்புறம் கொக்கியைக் கழற்றிவிட்டுத் தன் போக்கில் போகும்.

சரி, மேலே போயாச்சு. அங்கேயே எப்படி நிக்கும்?

காலை பத்து மணிக்கு மேல் சக்கரக்கோட்டை கண்மாய்ப் பக்கம் போய் நத்தைக்குத்தி நாரையைப் பாருங்கள். முதலில் கஷ்டப்பட்டு இறக்கை அடிக்கும். ஒரு இடம் வந்ததும் அடிப்பதை நிறுத்திவிட்டு வட்டம் போட ஆரம்பிக்கும். வட்டம் போடப் போட உயரம் ஏறும். பின்னாலேயே கூழைக்கடாவும் வந்து அதே இடத்தில் சுற்றும். அங்கே வெயிலில் காய்ந்த தரையிலிருந்து சூடான காற்று தூண் மாதிரி எழும்பிக்கொண்டிருக்கிறது. அதற்குள் நுழைந்துகொண்டால் ஓசியில் மேலே போகலாம். கிளைடர் செய்வதும் அதேதான். இறங்குகிற வேகத்தைவிடக் காற்று எழும்பும் வேகம் கூடுதலாக இருந்தால் உயரம் கூடும். ஒரு தூண் தீர்ந்தால் அடுத்ததைத் தேடிப் போவார்கள்.

இந்த விளையாட்டில் வெள்ளி பேட்ஜ் வாங்க வேண்டுமென்றால் மூன்று காரியம் முடிக்க வேண்டும்: 50 கி.மீ. தூரம், தொடர்ந்து 5 மணி நேரம், கயிற்றை விட்ட பிறகு 1,000 மீட்டர் ஏற்றம். ஒரு சொட்டு எரிபொருள் இல்லாமல். மலையில் மோதி அலை அலையாக எழும்பும் காற்றைப் பிடித்து இன்னும் மேலே போனவர்களும் உண்டு. 2018இல் அர்ஜென்டினாவில் பெர்லான் 2 என்ற கிளைடர் 22 கி.மீ.க்கு மேல் போனது. பயணிகள் விமானம் பறக்கிற உயரத்தைப்போல் இரண்டு மடங்கு.

மாமா பைலட்டா?

எல்லோரும் கேட்ட கேள்வி இது. பதிலைக் கேட்டதும் எல்லோர் முகமும் கொஞ்சம் வாடியது.

இல்லை. பின் இருக்கையில் உட்கார்ந்து சில தடவை போயிருக்கிறார், அவ்வளவுதான். மாமா விஞ்ச் ஓட்டினார். அதிலேயே 35 வருடம்.

அந்த வேலை எப்படி என்று அவர் காட்டியதைச் சொல்கிறேன். திண்ணையில் உட்கார்ந்து, முறத்தைத் தலைகீழாகப் பிடித்து, இது கிளைடர் என்று சொல்லித்தான் காட்டினார். விஞ்சுக்காரரின் கண் 1 கி.மீ. தள்ளி இருக்கிற ஒரு வெள்ளைப் புள்ளி மேல் இருக்க வேண்டும். அந்தப் பக்கம் ஒருவர் இறக்கை நுனியைத் தூக்கி மட்டமாகப் பிடிப்பார். முதல் சிக்னல் வந்ததும் கயிற்றின் தொய்வை மட்டும் மெதுவாக எடுக்க வேண்டும். கயிறு விறைத்ததும் அடுத்த சிக்னல். அப்போது கொடுக்கிற வேகத்தில்தான் எல்லாம். திடீரென்று மிதித்தால் கயிறு அறும். தயங்கினால் கிளைடர் நொண்டும். காற்று எதிரே பலமாக அடித்தால் கொஞ்சம் குறைக்க வேண்டும், அடங்கினால் கூட்ட வேண்டும். மேலே போகிறவர் வாலை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆட்டினால் வேகம் அதிகம் என்று அர்த்தம். உச்சிக்குப் போனதும் கயிறு கழலும். அதன் நுனியில் ஒரு குட்டிப் பாராசூட் இருக்கும், அது விரிந்து கயிற்றைத் தாங்கும். அது காற்றில் பக்கத்து வயலுக்குப் போகாமல் சரசரவென்று சுற்றி எடுக்க வேண்டும். இவ்வளவும் ஒன்று ஒன்றரை நிமிடத்துக்குள். அப்புறம் அடுத்த கிளைடர்.

மாமாவின் வலது உள்ளங்கையைப் பாருங்கள், விழாவில் கூச்சப்படாமல் காட்டச் சொல்லுங்கள். கட்டைவிரலுக்குக் கீழே வெள்ளை வெள்ளையாகச் சின்னத் தழும்புகள். அறுந்த கம்பிக்கயிற்றை முடிபோடும்போது பிரிந்த இழை குத்தியது. கையுறை போட்டாலும் குத்துமாம்.

பறக்கவே இல்லாதவருக்கு எதுக்கு விழா?

ஐஸ் கம்பெனி வாசலில் ஒரு அண்ணன் நேராகவே கேட்டார். கேட்டது நல்லதாகப் போயிற்று.

ஒரே ஒரு கிளைடர் மேலே போகக் கீழே யார் யார் வேண்டும் என்று எண்ணிப் பார்ப்போம். விஞ்சில் ஒருவர். இறக்கை நுனியைப் பிடித்து நாலு எட்டு கூடவே ஓட ஒருவர். கொக்கியில் கயிறு மாட்ட ஒருவர். வானம் காலியா என்று பார்த்து சிக்னல் கொடுக்க ஒருவர். ஏறிய நேரம், இறங்கிய நேரம் எழுத ஒருவர். கயிற்றை விஞ்சிலிருந்து திரும்ப இழுத்து வர வண்டியில் ஒருவர். காற்று கிடைக்காமல் எங்கோ வயலில் இறங்கிவிட்டால் டிரெய்லரோடு போய் இறக்கையைக் கழற்றி ஏற்றி வர நாலு பேர். இதெல்லாம் பெரும்பாலும் கிளப் ஆட்களே மாற்றி மாற்றிச் செய்வது, கூலிக்கு ஆள் வைப்பது இல்லை. மாமா போன்ற ஒருவர் ஒரு ஞாயிறு வரவில்லை என்றால் பத்துப் பதினைந்து பேர் தரையில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

கரைவலை இழுத்த ஊருக்கு இது புரியாதா என்ன? வலையைக் கடலில் வளைத்துப் போடுகிறவர் சிலர்தான். கரையில் நின்று இரண்டு பக்கமும் கயிறு இழுக்கிறவர்கள் அத்தனை பேர். பங்கு பிரிக்கும்போது கயிறு இழுத்தவருக்கும் பங்கு உண்டு. முத்துக் குளித்த காலத்தில், இடுப்பில் கட்டிய கயிற்றை மைத்துனன் கையில் கொடுத்துவிட்டுத்தான் முங்குவார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. தங்கச்சி தாலி பத்திரமாக இருக்க வேண்டுமே என்று மைத்துனன் கவனமாக இழுப்பானாம். மாமா அந்தக் கிளப்புக்கு 35 வருடம் மைத்துனராக இருந்திருக்கிறார்.

இன்னொன்று. 1903 டிசம்பர் 17ஆம் தேதி ரைட் சகோதரர்கள் முதல் விமானத்தைப் பறக்கவிட்ட படத்தைப் பாருங்கள். மேலே ஆர்வில். பக்கத்தில் மணலில் நிற்பது வில்பர், இறக்கையைப் பிடித்துக் கூடவே ஓடி வந்து விட்டுவிட்டு நிற்கிறார். அந்தப் படத்தை எடுத்தவர் ஜான் டேனியல்ஸ். அவர் படக்காரரே இல்லை. அந்தக் கடற்கரையில் கப்பல் உடைந்தால் ஆட்களைக் காப்பாற்றுகிற நிலையத்தின் ஊழியர். கூட இருந்த இரண்டு மூன்று பேரோடு உதவிக்கு வந்தவர். அன்றைக்கே, நாலாவது ஓட்டம் முடிந்து விமானம் தரையில் நின்றபோது, பெருங்காற்று அதைப் புரட்டியது. பிடித்து நிறுத்தப் போன டேனியல்ஸ் கம்பிக்கும் கட்டைக்கும் நடுவில் சிக்கி உருண்டு அடிபட்டார். சகோதரர்கள் பறந்தார்கள், காயம் கரைக்காரருக்கு. அந்த இடமும் நம் தனுஷ்கோடி மாதிரி மணலும் ஓயாத கடல்காற்றும் உள்ள இடம்தான். அதற்காகவேதான் 1900 முதல் கிளைடர்களைத் தூக்கிக்கொண்டு அங்கே போனார்கள்.

சம்பளம் இல்லைனா செலவுக்கு?

பஸ் காசு அவர் கையிலிருந்து. மதியச் சாப்பாடு அத்தை கட்டிக் கொடுத்தது. கிளப்பில் டீ இலவசம்.

ஆபத்தான வேலையா?

சரியாகச் செய்தால் இல்லை. அதனால்தான் சரியாகச் செய்கிற ஆளுக்கு இவ்வளவு மதிப்பு.

கயிறு அறுவது உண்டு, அது எதிர்பார்த்ததுதான். கயிற்றுக்கும் கிளைடருக்கும் நடுவில் வேண்டுமென்றே பலம் குறைந்த ஒரு துண்டு மாட்டியிருப்பார்கள். இழுப்பு அளவு மீறினால் இறக்கைக்குச் சேதம் வருவதற்கு முன் அந்தத் துண்டு உடைந்துவிடும். எந்தக் கிளைடருக்கு எந்தத் துண்டு என்று கணக்கு உண்டு, நிறம் பார்த்து மாட்டுவார்கள். பாதியில் கயிறு போனால் என்ன செய்வது என்று பைலட்டுகளுக்கு ஆரம்பத்திலேயே பழக்கிவிடுவார்கள். கயிறு கழலாமலே மாட்டிக்கொண்டால் விஞ்ச் பக்கத்தில் அதை வெட்ட ஒரு கத்தி இருக்கும். மாமா 35 வருடமும் ஒவ்வொரு சனிக்கிழமை காலையும் முதல் வேலையாக அந்தக் கத்தியைத்தான் பார்ப்பாராம். ஒரு தடவைகூடப் பயன்படுத்த வேண்டி வரவில்லை.

இந்த மாதிரி ஆட்களுக்கு உலகத்துல எங்கேயாவது விருது கொடுக்கிறாங்களா?

கொடுக்கிறார்கள். வான் விளையாட்டுகளுக்கான உலக அமைப்பு எஃப்.ஏ.ஐ. என்பது. 1905இல் தொடங்கியது, தலைமையகம் சுவிட்சர்லாந்தின் லோசானில். கிளைடிங்குக்கு அவர்கள் கொடுக்கும் பெரிய கௌரவம் லிலியந்தால் பதக்கம். 1938இல் ஏற்படுத்தினார்கள். முதலில் வாங்கியவர் போலந்தைச் சேர்ந்த ததேயுஷ் கூரா, அந்த வருடம் 577 கி.மீ. பறந்ததற்காக. சாதனைக்கு மட்டும்தான் என்றில்லை, இந்த விளையாட்டுக்கு நெடுங்காலம் தொண்டு செய்தவருக்கும் கொடுக்கலாம். ஆனால் அவர் இன்னும் கிளைடர் ஓட்டுகிறவராக இருக்க வேண்டும். அந்த வரியில் மாமா அடிபட்டுப்போகிறார்.

மாமாவுக்குப் பொருந்துவது பால் டிஸாண்டியே பட்டயம். 1952இல் வந்தது. உழைப்பாலும் முயற்சியாலும் அர்ப்பணிப்பாலும் வான் விளையாட்டுக்குத் தொண்டு செய்தவர்களுக்கு என்றே அது. பறந்திருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. டிஸாண்டியே அந்த அமைப்பின் பொதுச் செயலாளராக இருபது வருடத்துக்கு மேல் இருந்தவர். அவரும் விமானிதான், ஆனாலும் அலுவலக வேலையும் பார்த்தவர் பெயரில் ஒரு பட்டயம் இருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. பெண்களுக்கென்று, போலந்தின் கிளைடர் பைலட் பெலாகியா மயெவ்ஸ்கா பெயரில் 1989 முதல் தனிப் பதக்கம் உண்டு. அமெரிக்காவில் எல்மிரா என்ற ஊரில் கிளைடிங்குக்காகவே ஒரு அருங்காட்சியகமும் பெருமைக்குரியவர்கள் பட்டியலும் இருக்கின்றன.

லிலியந்தால் யார் என்று கேட்டவர்களுக்கு: ஓட்டோ லிலியந்தால், ஜெர்மானியர். தானே செய்த இறக்கையைக் கட்டிக்கொண்டு சுமார் 2,000 தடவை மேட்டிலிருந்து மிதந்து இறங்கியவர். அதற்கென்றே பெர்லின் அருகே ஒரு மண் குன்று கட்டினார். 1896 ஆகஸ்ட் 9ஆம் தேதி விழுந்தார், மறுநாள் இறந்தார். அன்றைக்கு அவரோடு இருந்தவர் அவருடைய மெக்கானிக் பால் பைலிஷ். ஓடிப் போய்த் தூக்கியவரும் அவர்தான். பதக்கத்தில் லிலியந்தால் பெயர் இருப்பது நியாயம். பைலிஷ் பெயரில் ஒன்று இருந்திருந்தால் மாமாவுக்கு அதைத்தான் கேட்டிருப்பேன்.

நம்ம நாட்டுல?

மூன்று வழி இருக்கிறது.

எஃப்.ஏ.ஐ. பட்டயத்துக்கு நாமாக எழுதிப் போட முடியாது. அந்தந்த நாட்டு உறுப்பினர் அமைப்பு வழியாகத்தான் போக வேண்டும். இந்தியாவுக்கு ஏரோ கிளப் ஆஃப் இந்தியா. அடுத்தது, மத்திய அரசின் டென்சிங் நார்கே தேசிய சாகச விருது. நிலம், நீர், வான் என்று மூன்று பிரிவு, நாலாவதாக வாழ்நாள் சாதனை. மூன்றாவது பத்ம விருது. அதற்கு யார் பெயரை வேண்டுமானாலும் யார் வேண்டுமானாலும் இணையத்தில் பரிந்துரைக்கலாம், சிபாரிசு தேவையில்லை. பத்மத்துக்கு எழுதுவோம் என்று என் தம்பி குதிக்கிறான். மாமா கேட்டால் ஊரைவிட்டே ஓடிவிடுவார் என்பதால் அவரிடம் இன்னும் சொல்லவில்லை. இதைப் படிப்பவர்களும் சொல்ல வேண்டாம்.

நம் நாட்டில் கிளைடிங் புதுசு ஒன்றுமில்லை. புனேயை ஒட்டிய ஹடப்சரில் மத்திய அரசின் கிளைடிங் மையம் 1950களிலிருந்து இருந்தது. கிளைடர்களை இங்கேயே வடிவமைத்தும் செய்தார்கள். அவற்றுக்கு வைத்த பெயர்களைக் கேளுங்கள்: அசுவினி, பரணி, கார்த்திக், ரோகிணி, மிருகசீரிஷ், ஆர்த்ரா. நம் 27 நட்சத்திரத்தில் முதல் ஆறு, வரிசையாக! அசுவினி பறந்தது 1958இல், ரோகிணி 1961இல், கார்த்திக் 1963இல். ஏழாவதாகப் புனர்பூசம் வருவதற்குள் நிறுத்திவிட்டார்கள் போல.

மாமா முதன்முதலில் விஞ்சில் இழுத்தது ரோகிணியை. மரத்தில் செய்தது, இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்காரலாம். "ஞாயித்துக்கிழமையானா உங்க மாமா ரோகிணியோடதான் இருப்பாரு" என்று அத்தை சொல்லி, விவரம் தெரியாத எங்கள் பாட்டி ஒரு வாரம் மகனோடு பேசாமல் இருந்தார்.

கலாம் ஊர்ல இருந்து போனவரு, கலாமைப் பார்த்துத்தான் போனாரா?

இல்லை. ராமேஸ்வரம் தீவில் யார் எதைச் செய்தாலும் கலாமோடு முடிச்சுப் போடுவது வழக்கமாகிவிட்டது. மாமா வடக்கே போனது வேலை கிடைத்ததால்.

ஒன்று மட்டும் உண்டு. ஐந்தாம் வகுப்பில் பறவை எப்படிப் பறக்கிறது என்று பாடம் நடத்திய சிவசுப்பிரமணிய ஐயர், பிள்ளைகளுக்குப் புரியவில்லை என்றதும் கடற்கரைக்குக் கூட்டிப்போய்ப் பறவைகளைக் காட்டினார் என்று கலாம் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். மாமாவும் அதே கடலைப் பார்த்து வளர்ந்தவர். பாம்பன் பாலத்துக்கு மேலே செம்பருந்து இறக்கையை அசைக்காமல் நிற்பதைப் பள்ளிக்கூடம் போகிற வழியில் பார்த்துக்கொண்டே நின்று அடி வாங்கியதாகச் சொல்வார். அவருக்கு வாத்தியார் காட்டவில்லை, வாத்தியார் அடித்தார்.

நம்ம பக்கம் கிளைடிங் பண்ண முடியுமா?

வாலிபப் பையன்கள் எல்லோரும் கேட்டார்கள். இப்போதைக்கு இங்கே கிளப் எதுவும் இல்லை. உச்சிப்புளியில் கடற்படை விமானத் தளம் இருக்கிறது, அதன் பெயரே ஐ.என்.எஸ். பருந்து. ஆகவே இந்த வானத்தில் நினைத்தபோது நினைத்ததைப் பறக்கவிட முடியாது, அனுமதி வேண்டும்.

காற்று எப்படி என்று மாமாவிடம் கேட்டேன். ஒரு மணி நேரம் பேசினார். சுருக்கமாக: கடற்கரையை ஒட்டி மேலெழும் காற்று சரியாகக் கிடைக்காது. மதியத்துக்குள் கடல்காற்று உள்ளே வந்து தரையைக் குளிர்த்துவிடும். ஆனால் அந்தக் குளிர்ந்த காற்று உள்நாட்டுச் சூடான காற்றோடு முட்டுகிற இடம் ஒன்று உண்டு. அங்கே ஒரு கோடு மாதிரி காற்று மேலே தள்ளும், சில நாள் மேகமும் அதே கோட்டில் நிற்கும். அதைப் பிடித்தால் வட்டமே போடாமல் நேராகப் போகலாம். முதுகுளத்தூர், கமுதிப் பக்கம் காய்ந்த கண்மாய்களுக்கு மேலே கோடையில் நன்றாக இருக்கும் என்பது மாமாவின் ஊகம். வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று நாலு பக்கக் காற்றுக்கும் பெயர் வைத்திருக்கிற ஊர், மேலே போகிற காற்றுக்கு ஒரு பெயர் வைக்கவில்லையே என்று அவருக்கு ஒரு குறை.

அந்தக் கிளப்பே விழா எடுத்திருக்க வேண்டியதுதானே?

அந்தக் கிளப்பின் பெயரை நான் எங்குமே போடாததைக் கவனித்திருப்பீர்கள். காரணம் இதுதான்.

சில வருடம் முன்பு ஆண்டுவிழா மலர் ஒன்று போட்டார்கள். கெட்டி அட்டை, கலர் படம். தலைவர்கள், செயலாளர்கள், பைலட்டுகள், வந்துபோன அதிகாரிகள் எல்லோர் பெயரும் இருந்தது. மாமா பெயர் இல்லை. ஒரு படத்தில் மட்டும் விஞ்ச் தெரிகிறது, அதன் கூண்டுக்குள்ளே ஒரு முழங்கை தெரிகிறது. அது மாமாவின் முழங்கை. கடிகாரத்தை வைத்து அத்தை கண்டுபிடித்தார்.

மாமா வருத்தப்பட்டாரா என்றால், மலரை வாங்கி வந்து அட்டை போட்டு வைத்திருக்கிறார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் கோபம். யாரும் வேண்டுமென்று செய்யவில்லை என்பதும் புரிகிறது. பெயர்ப் பட்டியல் எடுக்க உட்கார்ந்தவர்கள் பைலட் பதிவேட்டிலிருந்து எடுத்திருப்பார்கள். விஞ்சுக்காரருக்கென்று பதிவேடு இல்லை. எங்கேயும் இப்படித்தான் விட்டுப்போகிறது. ஆகவே உங்கள் சங்கத்தில், கோயில் கமிட்டியில், கபடி குழுவில் யாருக்காவது பாராட்டு வைப்பதாக இருந்தால், காகிதத்தில் இல்லாத ஆள் யார் என்று முதலில் கேளுங்கள். நாற்காலி போடுகிறவரிடம் கேட்டால் சொல்லிவிடுவார்.

பொன்னாடை கொண்டு வரலாமா?

வேண்டாம். நம் ஊர் விழாவில் பதினைந்து பொன்னாடை விழும், வாங்கியவர் முகம் தெரியாது, மறுநாள் அது இஸ்திரி மேசைக்கு விரிப்பாகும். மாலையும் வேண்டாம், மாமாவுக்குச் சம்பங்கி வாசம் ஒத்துக்கொள்ளாது.

வாழ்த்து மடல் எழுதுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். "தன்னலமற்ற தொண்டர்", "வானத்தை வசப்படுத்தியவர்" போன்றவற்றை விட்டுவிடுங்கள். அவர் என்ன செய்தார் என்பதை எழுதுங்கள். எந்த வருடம் விஞ்சின் கியர் பெட்டியைக் கழற்றி மாட்டினார், எத்தனை பையன்களுக்கு முடிபோடச் சொல்லிக் கொடுத்தார், அவர் கற்றுக்கொடுத்தவர்களில் யார் இப்போது விஞ்ச் ஓட்டுகிறார். விவரம் வேண்டுமென்றால் என்னிடம் கேளுங்கள். மாமா ஒவ்வொரு நாளும் இழுத்த இழுப்பை எண்ணி எழுதிய நோட்டுகள் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருக்கின்றன. தேதி, காற்று எந்தப் பக்கம், எத்தனை ஏற்றம், எத்தனை தடவை கயிறு அறுந்தது. நீல மையில், ஃபிட்டருக்கே உரிய கட்டை எழுத்தில். காற்றுத் திசையை மட்டும் 35 வருடமும் வாடை, கச்சான் என்றுதான் எழுதியிருக்கிறார். அந்த ஊர்க்காரர்கள் யாருக்கும் புரிந்திருக்காது.

அத்தைக்கு?

இதை யாருமே கேட்கவில்லை. நானே கேட்டுக்கொள்கிறேன்.

35 வருட ஞாயிற்றுக்கிழமை என்றால் 1,800க்கு மேல் வருகிறது. அந்த ஞாயிறுகளில் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்திருக்கும், ரேஷன் வரிசை இருந்திருக்கும், வீட்டுக்காரர் வாடகை கேட்டு வந்திருப்பார். எல்லாவற்றையும் மொழி தெரியாத ஊரில் அத்தை பார்த்துக்கொண்டார். மேடையில் இரண்டு நாற்காலி. பத்திரிகையிலும் இரண்டு பெயர் போட்டிருக்கிறோம், மறுபடி எடுத்துப் பாருங்கள். அத்தை சம்மதிக்கவே இல்லை. "அவரு ஓட்டுனாரு, நான் என்னத்த ஓட்டுனேன்" என்றார். குடும்பத்தை என்று என் தம்பி சொல்லி வைத்தான், வாங்கிக் கட்டிக்கொண்டான்.

மாமா பேசுவாரா?

மாட்டேன் என்கிறார். மேசையில் ஒரு முழம் கம்பிக்கயிறும் அதன் வளையமும் வைக்கச் சொல்லியிருக்கிறார். பிள்ளைகள் தொட்டுப் பார்க்கட்டும், கையுறை தருகிறேன் என்றார். வலை பின்னத் தெரிந்தவர்கள் அவர் போட்ட முடியைப் பார்த்துக் குறை சொல்லலாம், அவருக்கு அது பிடிக்கும்.

சாப்பாடு உண்டா?

உண்டு. தடைக்காலமாக இருந்தாலும் நாட்டுப்படகு போகும், ஆகவே மீன் கிடைத்தால் மீன் குழம்பு, கிடைக்காவிட்டால் சாம்பார். மாமா எதற்கும் சாம்பாருக்குச் சொல்லி வைக்கச் சொன்னார். அன்றைக்குக் கச்சான் கிளம்பும் என்கிறார்.